நெத்திலிக்கு வாக்கு உண்டா? ஸ்டீம் வழித் தளங்களின் நிர்வாகம் பற்றி ஒரு முறையீடு

#1 செவல்காடு

வணக்கம். கொஞ்சம் ஆத்திரத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம் என்பது, வாசகர்கள் போடும் வாக்கைப் பொறுத்துப் பதிவுக்கு டோக்கன் பரிசு கொடுக்கும் எழுத்துத் தளம்; பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பொதுப் பேரேடான பிளாக்செயினில் ஓடுவது. அதன் நிரலிலிருந்து கிளைத்த தளம் ஒன்றில் சில ஆண்டுகளாக எழுதிவருகிறேன். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் ஆளாளுக்கு அந்தத் தளத்தைத் திட்டவோ தாங்கவோ கிளம்பிவிடுவீர்கள். எனக்கு வேண்டியது முறையைப் பற்றிய பதில்.

சென்ற மாதம் புரவி எடுப்புக்கு முன்னால் ஒரு வேளார் வீட்டு முற்றத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, சுடுமண் குதிரை உருவாவதைப் பார்த்து எழுதினேன். முதலில் குழாய் போல நான்கு கால்களை வனைந்து நிறுத்துகிறார். அவை சற்று இறுகிய பிறகுதான் வயிறு, அப்புறம் கழுத்து, கடைசியில் தலை. ஈரம் காய்வதற்குள் அடுத்ததை ஏற்றினால் கால் மடங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே, மடங்கிய ஒரு குதிரையையும் காட்டினார். பதினெட்டுப் படங்கள். என் எழுத்தில் நானே திருப்திப்பட்ட சில கட்டுரைகளில் அது ஒன்று.

ஐந்தாம் நாள் கட்டுரைக்குக் கீழே 14.60 டாலர் என்று காட்டியது. ஏழாம் நாள்தான் கைக்கு வரும், அதிலும் பாதி வாக்களித்தவர்களுக்குப் போய்விடும். ஆறாம் நாள் இரவு ஒரே ஒரு கணக்கிலிருந்து ஒரே ஒரு எதிர்வாக்கு, அதாவது பரிசைக் குறைக்கும் வாக்கு, விழுந்தது. காலையில் பார்த்தால் 0.00. கீழே ஒரு வரி: "பரிசுத் தொகையில் உடன்பாடு இல்லை."

அதற்கு முந்தைய வாரம், தளத்தின் பொது நிதியிலிருந்து பணம் கேட்ட ஒரு கோரிக்கையின் கீழே, சென்ற முறை வாங்கிய தொகைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. தொடர்பு இல்லை என்று நம்பவும் முடியவில்லை.

என் கேள்வி இதுதான்: நான் யாரிடம் முறையிடுவது?

#2 சந்தைக்கடை

யாரிடமும் இல்லை. முதலாளி இல்லாத தளம் என்றுதானே சொல்லி உங்களை உள்ளே அழைத்தார்கள்? முதலாளி இல்லாத கடையில் கல்லாவில் யாரைத் தேடுகிறீர்கள்?

#3 நொய்யல்கரை

சந்தைக்கடை அண்ணன் வழக்கம் போலக் குத்திவிட்டுப் போகிறார். செவல்காடு, எரிச்சலூட்டும் அளவுக்கு விளக்கமாகவே சொல்கிறேன். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன், இந்த நிரலைப் படித்தும் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீம் 2016 மார்ச்சில் தொடங்கியது. நெட் ஸ்காட், டேன் லாரிமர் இருவரும் நிறுவனர்கள். லாரிமர் அதற்கு முன்பு பிட்ஷேர்ஸ் என்ற சங்கிலியை, அதாவது பிளாக்செயினை, கட்டியவர். பங்குதாரர்கள் வாக்களித்துச் சிலரைத் தேர்ந்தெடுக்க, அந்தச் சிலர் சங்கிலியை ஓட்டும் முறை அங்கிருந்து வந்தது. அந்தச் சிலருக்கு ஸ்டீமில் சாட்சிகள் என்று பெயர். முதல் இருபது இடம் வாக்கில் முன்னணியில் இருப்பவர்களுக்கு, இருபத்தோராவது இடம் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு முறை வைத்து. மூன்று நொடிக்கு ஒரு பிளாக், அதாவது ஒரு பதிவுத் தொகுதி. யாருடைய வாக்கு எழுதப்படுகிறது, விதி எப்போது மாறுகிறது என்பதெல்லாம் இவர்கள் ஓட்டும் நிரலைப் பொறுத்தது. விதியை மாற்ற 17 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சாட்சிகளுக்கு உங்கள் கட்டுரையைப் பற்றிக் கவலைப்படும் கடமை எதுவும் கிடையாது. பிளாக் பதிவதோடு வேலை முடிந்தது. நீதிமன்றம், மேல்முறையீடு, நடுவர் என்று ஒன்றை நிரலில் யாரும் எழுதவே இல்லை. எதிர்வாக்கு என்பது நிரலின் பார்வையில் குற்றமே கிடையாது. ஆதரவு வாக்கைப் போல அதுவும் ஒரு வாக்கு. பரிசுத் தொகை பொதுக் குளத்திலிருந்து வருவதால், "இவருக்கு இவ்வளவு வேண்டாம்" என்று சொல்லவும் உரிமை இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

வாதம் சரிதான். அந்த உரிமையின் எடைதான் சிக்கல். எடை என்பது பூட்டி வைத்த பங்கு, அதாவது உடனே எடுக்க முடியாதபடி கணக்கில் பூட்டிய டோக்கன். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது?

#4 செவல்காடு

403 டோக்கன். ஒன்றைக்கூட விற்காமல் சேர்த்தது.

#5 நொய்யல்கரை

எதிர்வாக்குப் போட்டவரிடம் சில லட்சம் இருக்கும். இந்தத் தளங்களில் அவர்களைத் திமிங்கிலம் என்றுதான் சொல்வார்கள். நீங்களும் நானும் நெத்திலி. செல்லப் பெயர் போல எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வதால் அதில் இருக்கும் கணக்கு உறைப்பதில்லை.

#6 பழையகணக்கு

வணக்கம் பிள்ளைகளே. பிளாக்செயின் எனக்குத் தெரியாது. ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் நான், தேர்தல் நடத்தியிருக்கிறேன்.

எங்கள் சங்கத்தில் பத்துப் பங்கு வைத்திருந்தவருக்கும் ஒரு வாக்கு, ஆயிரம் பங்கு வைத்திருந்தவருக்கும் ஒரு வாக்கு. லாபத்தில் பங்குக்கு ஏற்றபடி கூடுதல் வாங்கிக்கொள்ளட்டும், கையைத் தூக்கும்போது எல்லாக் கையும் ஒன்றே. உலகம் முழுக்கக் கூட்டுறவு அந்த விதியில்தான் நிற்கிறது. பங்குக்கு வாக்கு என்றால் அதற்குக் கம்பெனி என்று பெயர். கம்பெனியைக் கம்பெனி என்று சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் சொல்லும் இடத்தில் அதைச் 'சமூகம்' என்று சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. தம்பியின் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

#7 சந்தைக்கடை

ஐயா, மன்னிக்க வேண்டும். உங்கள் சங்கத்தில் உறுப்பினர் பதிவேடு இருந்தது. முகம் தெரியும், ஊர் தெரியும், செத்தவர் பெயரில் ஒருவர் வாக்குப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துவிடுவார். இங்கே நான் இன்று இரவுக்குள் ஆயிரம் கணக்குத் திறக்க முடியும். ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் நாளைக் காலை நானே தலைவர், நானே பொருளாளர், எதிர்க்கட்சியும் நானே.

போலிக் கணக்கை நிறுத்த இரண்டே வழி. ஒன்று, அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்பது; கேட்டால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். இன்னொன்று, பணத்தைக் கட்டு என்பது. அவர்கள் இரண்டாவதை எடுத்தார்கள். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

#8 பழையகணக்கு

செத்தவர் வாக்கு எங்களிடமும் விழுந்திருக்கிறது தம்பி, அதை விடுங்கள். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யோசிக்கிறேன்.

#9 தாழம்பூ

நான் 2016 கடைசியிலிருந்தே ஸ்டீமில் இருந்தவள். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் பழைய புண் எல்லாம் அரிக்கிறது.

செவல்காடு தம்பி, இது இன்று நேற்று வந்த மனக்குறை கிடையாது. ஆரம்பத்தில் வாக்கின் பலன் இருமடி விகிதத்தில் இருந்தது. இரண்டு மடங்கு பங்கு விழுந்தால் நான்கு மடங்கு பரிசு. பெரியவர் தொட்டால் பொன், நாம் தொட்டால் தூசு. தூசு என்பது சும்மா ஒரு பேச்சுக்கு இல்லை: இரண்டு சென்ட்டுக்குக் கீழே வரும் பரிசை நிரல் கொடுக்கவே கொடுக்காது, அதற்கு அவர்கள் வைத்த பெயரே அதுதான். 2017 ஜூனில் 19-ஆம் ஹார்ட் ஃபோர்க் (பழைய நிரல் இனி செல்லாது என்னும்படியான விதி மாற்றம்) வந்து நேர் விகிதமாக மாற்றினார்கள். நெத்திலியின் வாக்குக்கும் திரையில் ஏதோ ஓர் எண் தெரிந்தது. அந்தக் கோடையில் எங்களுக்கு இருந்த உற்சாகம் இருக்கிறதே!

ஆனால் நேர் விகிதம் வந்ததும் வாக்கு விற்கும் தானியங்கிகள் பெருகிவிட்டன. பத்து டாலர் அனுப்பினால் பதினொரு டாலருக்கு வாக்கு. முன்பக்கம் முழுக்கக் காசு கொடுத்து ஏற்றிய பதிவுகள். அதைச் சரிசெய்கிறோம் என்று 2019 ஆகஸ்ட் 27 அன்று 21-ஆம் ஹார்ட் ஃபோர்க்கைக் கொண்டுவந்தார்கள். எழுதியவருக்கு 75, வாக்களித்தவருக்கு 25 என்று இருந்தது 50-க்கு 50 ஆனது. எதிர்வாக்குக்குத் தனி ஒதுக்கீடு கொடுத்து அதை இலவசமாக்கினார்கள். அதற்கு முன்பு எதிர்வாக்குப் போட்டால் நம் ஆதரவு வாக்கின் பலம் கரையும். அதனால் பலரும் போட யோசிப்பார்கள். அன்றிலிருந்து யோசிக்க வேண்டிய தேவை போய்விட்டது. போதாததற்கு, பரிசுக் குளத்திலிருந்து ஒரு பங்கை வெட்டித் திட்ட நிதிக்குத் திருப்பினார்கள்.

தம்பிக்கு விழுந்த அடி அன்று பட்டை தீட்டிய கத்திதான். அதைத் தீட்டியபோது நம்மில் யாரையும் கேட்கவில்லை. "கருத்துச் சொல்லுங்கள்" என்று பதிவு போட்டார்கள், நூற்றுக்கணக்கில் பின்னூட்டம் போனது. எண்ணப்பட்டது இருபது பேருடைய நிரல் மட்டும்.

தானியங்கிகள் ஒழிந்தது உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் சுத்தமானது.

#10 புதுவரவு

தாழம்பூ அக்கா, ஸ்டீமை நடத்திய நிறுவனத்தை ஜஸ்டின் சன் வாங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது என்று படித்தேன். நீங்கள் அதற்கு முன்பே கெட்டிருந்தது என்கிறீர்களே? 2020-இல் உண்மையில் என்ன நடந்தது? எங்கே தேடினாலும் ஒருவர் மற்றவரைத் திருடன் என்கிறார்.

#11 தாழம்பூ

இரண்டு பேரும் அடுத்தவர் பையில் கையை விட்டார்கள். அதனால்தான் உங்களுக்குக் குழப்பம். தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள், நீளமாகத்தான் போகும்.

சங்கிலி தொடங்கிய நாட்களில் வெளியாட்கள் வருவதற்கு முன்பே, தளத்தை நடத்திய ஸ்டீமிட் நிறுவனம் பெரும் பங்கைத் தானே தோண்டி எடுத்து வைத்துக்கொண்டது. 'நிஞ்ஜா' பங்கு என்றே அதற்குப் பெயர். தளத்தை வளர்க்கச் செலவு செய்வோம், சாட்சித் தேர்தலில் அதை வைத்து வாக்குப் போட மாட்டோம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். நிரலில் எழுதிவைக்கவில்லை. பத்திரம் இல்லாத வாக்குறுதி.

லாரிமர் 2017-இல் போய்விட்டார். 2018 நவம்பரில் நிறுவனம் எழுபது விழுக்காடு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2020 பிப்ரவரி 14 அன்று, டிரான் சங்கிலியின் ஜஸ்டின் சன்னுக்கு நிறுவனம் கைமாறியதாக அறிவிப்பு வந்தது. நிறுவனத்தோடு அந்தப் பங்கும் போனது, வாக்குறுதி போனதா என்பது தெரியவில்லை. ஸ்டீமை டிரானுக்குள் இழுத்துவிடுவார் என்ற பயம் எங்களுக்கு.

அந்த மாதமே சாட்சிகள் ஒன்றுகூடி 22.2 என்ற சாஃப்ட் ஃபோர்க்கை (பழைய நிரலோடு ஒத்துப்போகும் சிறு விதி மாற்றம்) போட்டு, நிறுவனத்தின் பங்கை முடக்கினார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். நானும் கைதட்டினேன். காசு கொடுத்து வாங்கியவரின் சொத்தை இருபது பேர் சேர்ந்து ஒரே இரவில் பூட்டலாம் என்பதை அன்று நாங்கள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தோம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பாடத்தை அவர் நன்றாகவே கற்றுக்கொண்டார். மார்ச் 2. பினான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய மூன்று பரிமாற்ற நிலையங்களில் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த ஸ்டீம் டோக்கன்கள் பங்காகப் பூட்டப்பட்டன. அந்தப் பங்கின் வாக்குகள் முகம் தெரியாத புதுக் கணக்குகள் இருபதுக்குப் போயின. இருபது இடமும் பறிபோனது. வங்கியில் நாம் போட்ட வைப்புத்தொகையை வைத்து மேலாளர் ஊராட்சித் தேர்தலில் நின்றால் எப்படி இருக்கும், அப்படி. அன்று இரவு நான் சாட்சிப் பட்டியல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துப் பழகிய பெயர்கள் ஒவ்வொன்றாக இருபதுக்குக் கீழே இறங்கின.

கூச்சல் பெரிதானதும் பினான்ஸின் அப்போதைய தலைவர் சாங்பெங் ஜாவ், வழக்கமான மேம்படுத்தல் என்று நினைத்து ஒத்துக்கொண்டதாக விளக்கம் சொன்னார். பினான்ஸும் ஹுவோபியும் வாக்கைத் திரும்பப் பெற்றன. ஆனால் பூட்டிய பங்கை உடனே எடுக்க முடியாது, பதின்மூன்று வாரத் தவணையில்தான் வெளியே வரும். தன் டோக்கனைத் தானே எடுக்க முடியாமல் நின்ற வாடிக்கையாளரை யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் எழுப்பி வாக்குத் திரட்டிச் சில இடங்களை மீட்டார்கள். 17 யாருக்கும் கிடைக்கவில்லை, இழுபறி.

மார்ச் 20 அன்று பிரிந்து வந்து புதுச் சங்கிலி தொடங்கினோம். ஹைவ். ஸ்டீமில் இருந்த அளவே ஒவ்வொருவருக்கும் ஹைவ் டோக்கன், நிறுவனத்தின் பங்குக்கு மட்டும் கிடையாது. அந்த அளவு பொது நிதிக்குப் போனது. புதுச் சாட்சிகளை ஆதரித்து வாக்குப் போட்ட கணக்குகளுக்கும் கிடையாது என்றார்கள். தன் வாக்கை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்தவர்களும் அதில் அகப்பட்டார்கள், குறிப்பாகக் கொரியர்கள். பிறகு திட்ட நிதியில் கோரிக்கை வைத்துத்தான் பெற வேண்டியிருந்தது. பதிவுகள் எல்லாம் அப்படியே வந்தன. என் 2017-ஆம் ஆண்டுக் கட்டுரைகள் இன்றும் இரண்டு சங்கிலியிலும் இருக்கின்றன, இரட்டைப் பிள்ளைகள் போல.

அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. மே 20 அன்று ஸ்டீமில் ஒரு ஹார்ட் ஃபோர்க் போட்டு, 64 கணக்குகளிலிருந்து 2.36 கோடி ஸ்டீமைப் பறித்தார்கள். அன்றைய விலையில் ஐம்பது லட்சம் டாலர் அளவு. பறித்ததை ஒரு கணக்கில் சேர்த்தபோது, யாரோ ஒருவர் உள்ளே புகுந்து மொத்தத்தையும் பிட்ரெக்ஸ் பரிமாற்ற நிலையத்துக்கு அனுப்பி, இவை திருடப்பட்டவை, உரியவர்களுக்குக் கொடுங்கள் என்று குறிப்பும் எழுதிவிட்டார். அவர் யார் என்று யோசித்துக்கொண்டே நான் பல இரவு தூங்கியிருக்கிறேன்.

#12 புதுவரவு

படிக்கப் படிக்க அரண்மனைச் சதி போல இருக்கிறது அக்கா. ஆனால் ஒன்று புரியவில்லை. மூன்று நிலையங்கள் சேர்ந்தாலும் மொத்தப் பங்கில் அவை ஒரு பகுதிதானே? அப்படியிருக்க இருபது இடத்தில் இருபதும் எப்படிப் போனது? பாதிக்குப் பாதியாவது நின்றிருக்க வேண்டாமா?

#13 நொய்யல்கரை

இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுதான் நல்ல கேள்வி. பதில் 30 என்ற எண்ணில் இருக்கிறது.

ஒவ்வொரு கணக்கும் முப்பது சாட்சிகளுக்கு வாக்களிக்கலாம். முப்பதுக்கும் முழு எடை. உங்கள் பங்கு முப்பதாகப் பிரிவதில்லை. புதுவரவிடம் 51 பங்கு, என்னிடம் 49 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருபது பெயரை எழுதுகிறீர்கள், ஒவ்வொன்றும் 51 பெறுகிறது. நானும் இருபது பெயர் எழுதுகிறேன், ஒவ்வொன்றும் 49. முதல் இருபது இடமும் உங்களுக்கு. எனக்குப் பூஜ்யம். பாதிக்கு ஓர் இழை கூடினால் முழுதும் கையில் வந்துவிடும்.

நடைமுறையில் 51 கூடத் தேவையில்லை. பெரும்பாலான பங்குதாரர்கள் வாக்களிப்பதே இல்லை என்பதால், வாக்களிக்கிறவர்களில் பெரியவராக இருந்தால் போதும்.

ஆளுக்கு ஐந்து வாக்கு என்று குறைத்திருந்தால் பெரியவர் பங்கைப் பல கணக்காகப் பிரித்து விளையாடினாலும் தன் அளவுக்கு மீறிப் பிடிப்பது கடினம். சிறுபான்மைப் பங்கு நான்கைந்து இடங்களைக் காப்பாற்றியிருக்கும், 17 எட்டாமல் தடுத்திருக்கும். இது 2020-க்கு முன்பே பலரும் எழுதிக் கேட்டது. ஏன் மாற்றவில்லை? மாற்ற வேண்டியவர்கள் அந்த இருபது பேர். முப்பது வாக்கு முறையில் அந்த இருக்கைக்கு வந்தவர்களும் அவர்களேதான்.

பிரிந்து வந்த பிறகு ஹைவ் சிலவற்றைத் திருத்தியது, அதையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் வந்த மாற்றத்தின்படி, புதிதாகப் பூட்டிய பங்குக்கு நிர்வாக வாக்குரிமை முப்பது நாள் கழித்துத்தான் வரும். பரிமாற்ற நிலையம் இரவோடு இரவாகப் பூட்டி வாக்குப் போடுவது இனி நடக்காது. 2021 ஜூனில் இன்னொன்று: ஓராண்டு நிர்வாக வாக்குப் பக்கமே எட்டிப் பார்க்காதவரின் பழைய வாக்குகள் காலாவதியாகிவிடும். அதுவரை, கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டுப் போனவர்களின் வாக்குகூட யாரோ ஒரு சாட்சியைத் தாங்கிக்கொண்டிருந்தது. பழையகணக்கு ஐயா சொன்ன செத்தவர் வாக்கு!

ஆனால் முப்பது முப்பதாகவே இருக்கிறது. வெளியாள் கோட்டைக்குள் நுழைய முடியாதபடி கதவைச் செப்பனிட்டார்கள். உள்ளே இருக்கிற நாற்காலிகளை யாரும் நகர்த்தவில்லை.

#14 செவல்காடு

தாழம்பூ அக்கா, நொய்யல்கரை, இருவருக்கும் நன்றி. இத்தனையும் படித்த பிறகு என் 0.00 சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் அது என்னுடையது, அதனால் மறுபடியும் அங்கேயே வருகிறேன்.

ஜஸ்டின் சன்னை எதிர்த்தபோது எல்லோரும் சொன்னது என்ன? பணம் இருப்பதால் மட்டும் ஒருவர் சமூகத்தை ஆள முடியாது என்றுதானே? அந்தக் கொள்கையில் பிரிந்து வந்தவர்கள் கட்டிய வீடுகளிலும் பணம் இருப்பவர்தானே ஆறாம் நாள் இரவில் என் கட்டுரையை அழிக்கிறார்? மாமியாரை எதிர்த்துத் தனிக்குடித்தனம் போன மருமகள், அதே சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டது போல இருக்கிறது.

#15 சந்தைக்கடை

அழிக்கவில்லை தம்பி. கட்டுரை அங்கேயே இருக்கிறது, ஒரு எழுத்தும் குறையவில்லை. வராத காசு மட்டும் வரவில்லை.

#16 தாழம்பூ

சந்தைக்கடை, அந்தக் காசு மட்டும் இல்லை. எதிர்வாக்கு விழுந்தால் மதிப்பெண்ணும் இறங்கும், பதிவை முகப்பு மங்கலாக்கிக் காட்டும், படிக்கிறவர் இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போவார். எனக்கும் ஒருமுறை நடந்தது. காசைவிட, தொடர்ந்து படித்துவந்த இரண்டு மூன்று பேர் அதன் பிறகு பின்னூட்டம் போடப் பயந்ததுதான் வலித்தது. என் பதிவுக்கு வாக்குப் போட்டால் அவர்களுக்கும் விழுமோ என்ற பயம். இதை எந்த நிரலிலும் படிக்க முடியாது.

#17 பழையகணக்கு

தம்பி ஒரு நிதிக் கோரிக்கையில் கணக்குக் கேட்டதாக எழுதியிருந்ததை இப்போதுதான் கவனித்தேன். அது என்ன நிதி? யார் கொடுக்கிறார்கள், யார் தணிக்கை செய்கிறார்கள்?

#18 நொய்யல்கரை

ஹைவ் உதாரணத்தையே சொல்கிறேன் ஐயா. புதிதாக அச்சாகும் டோக்கனில் ஒரு பகுதியும், பிரிவினையின்போது ஒதுக்கிய அந்தப் பெரும் பங்கும் சேர்ந்தது பொது நிதி. யார் வேண்டுமானாலும் "இந்த வேலைக்கு நாளுக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று கோரிக்கை போடலாம். பங்குதாரர்கள் வாக்களிக்க வேண்டும். 'திரும்ப நிதிக்கே போகட்டும்' என்று நிரந்தரமாக ஒரு கோரிக்கை இருக்கும், அதைத் தாண்டிய வாக்கு கிடைத்தால்தான் பணம் கிடைக்கும். தவணை தானாக விழும். எந்தக் கணக்குக்கு எந்த நேரத்தில் எவ்வளவு போனது என்பதை நீங்களும் நானும் இங்கிருந்தே பார்க்கலாம்.

அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிப் பரிமாற்ற நிலையத்துக்குள் போன பிறகு என்ன ஆனது என்று சங்கிலிக்குத் தெரியாது. தணிக்கையாளர் என்று ஒருவர் கிடையாது. பொறுப்பாக மாதாமாதம் அறிக்கை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். போடாவிட்டால் கேட்பதற்கு ஒரே வழி, வாக்கைத் திரும்பப் பெறுவது. மறுபடியும் பங்குதான்.

#19 பழையகணக்கு

அப்படியென்றால் ரொக்கப் பேரேடு துல்லியமாக இருக்கிறது, செலவுச் சீட்டு இல்லை. எங்கள் சங்கத்தில் தலைகீழ்: சீட்டு கட்டுக் கட்டாக இருக்கும், ரொக்கம்தான் இருக்காது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லோருக்கும் தெரிந்திருக்கும், முதல் பராந்தகன் காலத்தது. குடவோலை, குடவோலை என்று பெருமை பேசுவோம். அதில் எனக்குப் பிடித்தது ஓலை எடுக்கும் பகுதி இல்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது, அவனுக்கு நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது என்று உறவுமுறை சொல்லிச் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வாரியத்தில் இருந்தவன் மூன்று ஆண்டு விலகியிருக்க வேண்டும் என்பதும் உண்டு. இதை உங்கள் நிரலில் எழுத முடியாதா? கணக்கு வராவிட்டால் அடுத்த தவணை நிற்கட்டும். இருபது பேரில் ஒருவர் இத்தனை நாளுக்கு மேல் தொடரக்கூடாது என்று வையுங்கள்.

#20 சந்தைக்கடை

ஐயா, அதே கல்வெட்டில் குடத்தில் பெயர் விழுவதற்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும் என்றும் இருக்கிறது. அன்றைக்கும் பங்கு இருந்தவன்தான் சபைக்குப் போனான். செவல்காடு தம்பி அந்த ஊரில் பிறந்திருந்தால் வேளார் முற்றத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

#21 பழையகணக்கு

பிடித்துவிட்டீர்கள். ஆனால் கால் வேலிக்கு மேல் இருந்தால் போதும், நூறு வேலி வைத்திருந்தவனுக்கு நூறு ஓலை போடவில்லையே. வாசலில்தான் தடை. உள்ளே போன பிறகு ஆளுக்கு ஓர் ஓலை. நீங்கள் கேட்டீர்களே வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று, எனக்கு இப்போது அது தோன்றுகிறது: ஒரு குறைந்தபட்சப் பங்கை, குறிப்பிட்ட காலம் பூட்டி வைத்திருந்தால் ஒரு வாக்கு. அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் ஒன்றே.

#22 சந்தைக்கடை

என்னிடம் பத்து லட்சம் இருந்தால், குறைந்தபட்சம் ஆயிரம் என்று நீங்கள் வைத்தால், ஆயிரம் கணக்காகப் பிரித்துப் பூட்டிவிடுவேன். ஆயிரம் ஓலை. செவல்காடு தம்பிக்கு 403, அவர் வாசலிலேயே நிற்பார்.

#23 பழையகணக்கு

படுபாவி.

#24 புதுவரவு

எதிர்வாக்கே இல்லாத தளம் வைத்தால் என்ன? அப்படி எதுவும் இல்லையா?

#25 நொய்யல்கரை

இருக்கிறது. பிளர்ட் என்று 2020-இல் ஸ்டீமிலிருந்து கிளைத்தது. எதிர்வாக்கை எடுத்துவிட்டார்கள், ஒவ்வொரு செயலுக்கும் சிறு கட்டணம் வைத்தார்கள். அங்கே போனவர்களுக்கு நிம்மதி. ஆனால் திருட்டுக் கட்டுரைக்கும், தன் வாக்கைத் தானே போட்டுக்கொண்டு குளத்தை இறைக்கிறவருக்கும் தடை போட, வேறு கருவியைத் தேட வேண்டியிருக்கும். நான் எதிர்வாக்கை வேண்டாம் என்று சொல்பவன் இல்லை. ஒரே கட்டுரையை முப்பது கணக்கில் ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அவற்றை அடிக்க ஆள் வேண்டும். ஒரு பதிவை ஒரே கணக்கு பூஜ்யமாக்க முடியாது, குறைந்தது இத்தனை பேர் சேர வேண்டும் என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது. உடனே சந்தைக்கடை அண்ணன் கணக்கைப் பிரித்துக்கொண்டு வருவார், தெரியும்.

#26 சந்தைக்கடை

வந்துவிட்டேன்.

வெளிப்படையாகச் சொல்கிறேன். நான் இதில் எழுத வரவில்லை, முதலீடு செய்ய வந்தவன். பங்கைப் பூட்டி, டோக்கன் விலை விழுந்தபோதும் விற்காமல் வைத்திருக்கிறேன். என் எதிர்பார்ப்பு, என் வாக்கு அதற்கேற்ற எடையில் இருக்க வேண்டும் என்பது. எழுதுகிறவர்கள் பரிசு வாங்கி அன்றே விற்றுவிட்டு, நிர்வாகத்தில் சம உரிமை கேட்டால் எனக்குக் கசக்கத்தான் செய்யும். தம்பி விற்காதவர், அவரைச் சொல்லவில்லை. ஆனால் அவர் கட்டுரையைப் பூஜ்யமாக்கியவர் செய்தது அற்பத்தனம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. குதிரைக் கட்டுரையின் சுட்டியைத் தனிமடலில் அனுப்புங்கள்.

#27 நெறியாளர்

எதிர்வாக்குப் போட்ட கணக்கின் பெயரைச் சிலர் ஊகித்து எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். செவல்காடு பெயர் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். என் முடிவில் உடன்பாடு இல்லாதவர்கள் என் தனிமடலுக்கு எழுதலாம். முறையிட இங்கே ஓர் ஆள் இருக்கிறது.

#28 செவல்காடு

நெறியாளருக்கு வணக்கம், அந்தக் கடைசி வரிக்காக.

நேற்று இரவு ஒரு வேலை செய்தேன். நொய்யல்கரை சொன்னதைப் படித்துவிட்டு, நான் எந்தச் சாட்சிகளுக்கு வாக்குப் போட்டிருக்கிறேன் என்று திறந்து பார்த்தேன். இத்தனை ஆண்டில் அந்தப் பக்கத்துக்குப் போனதே இரண்டு முறை. ஒன்பது பெயர் இருந்தது. நான்கு பேர் பிளாக் பதிவதையே நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் யார் என்றே நினைவில்லை, சேர்ந்த புதிதில் யாரோ சொல்லிப் போட்டிருக்க வேண்டும். மீதி மூவரில் ஒருவர், எனக்கு எதிர்வாக்குப் போட்ட கணக்கோடு கூட்டாகச் சாட்சிக் கணினி ஓட்டுகிறவர் என்பது அவருடைய அறிமுகப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. என் 403 இத்தனை நாளும் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

#29 தாழம்பூ

அடக் கடவுளே.

#30 பழையகணக்கு

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை தம்பி. என்ன செய்தீர்கள்?

#31 செவல்காடு

ஒன்பதையும் எடுத்துவிட்டேன் ஐயா. பிறகு பங்கை வெளியே எடுக்கும் பொத்தானையும் அழுத்தினேன். பதின்மூன்று வாரம், வாரத்துக்கு 31 டோக்கன். முதல் தவணை அடுத்த செவ்வாய்க்கிழமை காலை 6.12-க்கு என்று காட்டுகிறது.

எழுதுவதை நிறுத்தப்போவதில்லை. குதிரைக்குச் சூளை வைக்கிற நாளில் வரச் சொல்லியிருக்கிறார் வேளார். அதை எங்கே போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

#32 சந்தைக்கடை

தவணை தொடங்கினாலும் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், தெரியுமல்லவா?

#33 செவல்காடு

தெரியும் அண்ணே. அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.